கூடிக் கற்றலின் நீதி

நான்கைந்து மாணவரை ஒரு குழுவாக்கி, அவர்கள் முன் ஒரே இலக்கை வைத்து, ஒருவர் கற்பதற்கு மற்றவரும் பொறுப்பு என்ற ஏற்பாட்டில் பாடத்தை நடத்துவது கூட்டுறவுக் கற்றல் எனப்படும். இலங்கைப் பாடசாலைகளில் இதைப் பொதுவாகக் குழுச் செயற்பாடு என்பர். ஆசிரியர் பயிற்சியில் இது கற்பித்தல் நுட்பங்களுள் ஒன்றாகச் சொல்லித்தரப்படுகிறது. ஆனால் இந்த நுட்பத்தின் அடியில் ஒரு தத்துவக் கேள்வி இருக்கிறது. அறிவு ஒருவர் முயன்று தேடிக்கொள்ளும் சொந்த உடைமையா, பலர் கூடி ஆக்கிப் பலரும் பயன்கொள்ளும் பொதுச்சொத்தா? சொந்த உடைமை என்றால், கெட்டிக்காரப் பிள்ளையைப் பிடித்து மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பதில் என்ன நியாயம்? பொதுச்சொத்து என்றால், பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனி மேசையில் இருத்துவது ஏன்?

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபுறத்தில் உள்ள மாங்கேணி போன்ற ஊர்களில் இக்கேள்வி அன்றாட வகுப்பறையிலேயே எழுகிறது. வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை செல்லும் வீதியில், கோறளைப்பற்று வடக்கு எனப்படும் வாகரைப் பிரதேச செயலகப் பிரிவில் மாங்கேணி அமைந்துள்ளது. கடலும் களப்பும் மக்களுக்குத் தொழில் கொடுக்கும் பகுதி இது. 2004 ஆழிப்பேரலையும் 2006–2007 காலப் போரும் வாகரைப் பகுதி மக்களை அடுத்தடுத்து இடம்பெயர்த்தன; பிள்ளைகளின் படிப்பு அறுந்து அறுந்து தொடர்ந்தது. ஆசிரியர் பற்றாக்குறை அங்கு நெடுங்காலப் பிரச்சினை. தொழில் காலத்தில் பெற்றோருடன் மீன்வாடிக்குப் போய் வரும் பிள்ளையும் ஒருநாளும் வரவு தவறாத பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும் வகுப்பில், எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பாடம் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதுதான் வழி என்று தோன்றும். அது எந்த நிபந்தனையில் நியாயமாகும் என்பதே ஆராய வேண்டியது.

நன்னூலின் கணக்கு

கற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் தெளிவான பழைய விடை, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தில் உள்ளது. ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கு மட்டுமே. உடன் கற்பவரோடு பயிலும்போது இன்னொரு கால் பங்கு சேர்கிறது. மீதி அரைப் பங்கும், கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே நிரம்புகிறது. உடன்பயிலல், வினாவுதல், வினாவியதற்கு விடை சொல்லுதல் ஆகியவற்றையும் பாடம் கேட்கும் முறைகளாகவே நன்னூல் வரிசைப்படுத்துகிறது.

வடமொழியில் வழங்கும் ஒரு பழைய சுலோகமும் கல்வியை நான்காகவே பிரிக்கிறது. அதில் ஆசிரியருக்கு ஒரு பங்கு, மாணவனின் சொந்த அறிவுக்கு ஒரு பங்கு, உடன் பயில்வோருக்கு ஒரு பங்கு, காலப்போக்குக்கு ஒரு பங்கு. இரண்டு கணக்கிலும் ஆசிரியருக்கும் தோழருக்கும் சமமான இடம் உண்டு. வேறுபாடு எஞ்சிய பாதியில் இருக்கிறது. சுலோகம் அதைத் தனிமனித அறிவுக்கும் காலத்துக்கும் கொடுக்கிறது. நன்னூல் அதை எடுத்துரைத்தலுக்குக் கொடுக்கிறது. நன்னூலின் பார்வையில், பிறருக்கு விளக்கப்படாத படிப்பு பாதிப் படிப்பு. கற்றதை விரித்துச் சொல்லத் தெரியாதவரைக் கொத்தாகப் பூத்தும் மணக்காத மலருக்கு ஒப்பிட்ட திருக்குறளின் கருத்தும் இதுவே.

இந்தக் கணக்கை ஒரு வகுப்புக் குழுவில் வைத்துப் பார்த்தால் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. நால்வர் குழுவில் ஒரு பிள்ளை மட்டும் எப்போதும் விளக்குகிறது, மற்ற மூவரும் எப்போதும் கேட்கிறார்கள் என்று கொள்வோம். விளக்கும் பிள்ளைக்கு நான்கு கால் பங்கும் கிடைக்கின்றன. கேட்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியரிடமிருந்து ஒன்றும் தோழரிடமிருந்து ஒன்றுமாக, அதிகம் போனால் இரண்டே கிடைக்கின்றன. "என் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்குகிறது" என்று கெட்டிக்காரப் பிள்ளையின் பெற்றோர் குறைப்படுவது வழக்கம். நன்னூலின் கணக்குப்படி அநீதி நடப்பது மறுபக்கத்தில். விளக்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளைதான் தன் கல்வியில் பாதியை இழக்கிறது.

நன்னூல் குறிப்பிடும் உடன்பயில்வோர் ஒத்த மாண்புடையோர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்று ஓர் ஆசிரியரிடம் வந்தவர்கள் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர். இலங்கையில் 1940களில் இலவசக் கல்வி வந்த பின்னர், எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறது. நன்னூல் காலத்துச் சமநிலை இன்றைய வகுப்பில் தானாகக் கிடைப்பதில்லை. ஏற்பாட்டினால் உண்டாக்கப்பட வேண்டியிருக்கிறது.

நான்கு சமயங்களும் இரண்டு நியதிகளும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வாழ்கின்றனர். நாட்டின் பெரும்பான்மைச் சமயம் பௌத்தம். தனிமுயற்சி, கூட்டுறவு என்ற இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட சமயம் இந்நான்கில் எதுவும் இல்லை.

சைவ சித்தாந்தத்தில் ஆன்மா தானாக அறியும் ஆற்றல் உடையதன்று. உணர்த்த உணர்வது அதன் இயல்பு. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவதும் அதன் இயல்பே. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களில் முடிகிறது. இறுதிச் சூத்திரம், மெய்யுணர்வு பெற்றவரும் அன்பரோடு கூடியிருக்க வேண்டும் என்கிறது. ஞானத்தின் உச்சியிலும் கூட்டம் தேவைப்படுகிறது. அதே தத்துவத்தில் வினைப்பயன் ஒருவர் செய்ததை அவரே நுகர்வதாக இருக்கிறது. சார்பு பொதுவாகவும் பயன் தனியாகவும் நிற்கின்றன.

பௌத்தத்தில் இரண்டும் இதே தெளிவோடு சொல்லப்படுகின்றன. நல்ல நட்பு துறவு வாழ்வின் பாதி என்று ஆனந்தர் கூற, பாதியன்று, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தியதாகப் பாலி நிகாயத்தில் ஒரு சூத்திரம் உண்டு. ஒருவரை இன்னொருவர் தூய்மையாக்க இயலாது, தூய்மையும் மாசும் அவரவர் கையில் என்பது தம்மபதத்தின் கருத்து. கிறிஸ்தவத்தில், கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் 2ஆம் வசனம் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கச் சொல்கிறது. 5ஆம் வசனம் அவரவர் பாரத்தை அவரவரே சுமப்பார் என்கிறது. இஸ்லாத்தில், நன்மையான காரியங்களில் ஒருவருக்கொருவர் உதவுமாறு குர்ஆனின் 5ஆம் அத்தியாயம் பணிக்கிறது. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பதும் அதே வேதத்தில் பல இடங்களில் வருகிறது. குர்ஆனைக் கற்று அதைப் பிறருக்குக் கற்பிப்பவரே சிறந்தவர் என்ற நபிமொழி இரண்டையும் ஒன்றாக்குகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை முரண்பாடுகள். வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் முரண் நீங்கிவிடும். அறிவை அடையும் வழி பிறரைச் சார்ந்தது. அடைந்த அறிவு அவரவர் உள்ளத்தில் நிகழ்வது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு கணக்கைச் செய்யலாம். அது விளங்கும் கணம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வந்தாக வேண்டும். ஒருவருக்கு விளங்கியதனால் பக்கத்தில் இருப்பவருக்கு விளங்கிவிடாது.

சட்டாம்பிள்ளை தரும் எச்சரிக்கை

மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறை தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகும் சிறுவரை, முன்னமே கற்ற சட்டாம்பிள்ளை மேற்பார்த்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இராணுவ ஆண்பிள்ளை அநாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். இதைப் பற்றிய அவருடைய நூல் 1797இல் லண்டனில் வெளிவந்தது. 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் இதையொத்த முறையை நடத்தினார்.

அது வேகமாகப் பரவியதற்கு முக்கிய காரணம் செலவுக் குறைவு. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆளலாம் என்பது ஏழைகளுக்குப் பள்ளி நடத்தியவர்களைக் கவர்ந்தது. அங்கே சொல்பவன் எப்போதும் சொல்பவனாகவும் கேட்பவன் எப்போதும் கேட்பவனாகவும் இருந்தனர். பாடம் மனப்பாடமாக இறங்கியது, கேள்விக்கு இடமில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது.

ஆசிரியர் போதாத பாடசாலைகளுக்கு இந்த வரலாறு நேரடியாகப் பொருந்தும். ஆசிரியருக்குப் பதிலாகப் பிள்ளைகளை நிறுத்தும் எந்த ஏற்பாடும் சட்டாம்பிள்ளை முறைக்கே திரும்பிப் போகும். ஆசிரியர் இல்லாத குறையைக் குழுக் கற்றல் மறைத்துவிடவும் கூடும். நன்னூலின் கணக்கிலும் முதற் பங்கு ஆசிரியருடையது. அந்தக் காலை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் நிற்கா.

ஆய்வுகள் கண்டது

20ஆம் நூற்றாண்டில் இத்துறை ஆய்வுக்குரியதாயிற்று. ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி (1896–1934), பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் தன்னிலும் தெரிந்த ஒருவரின் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள பரப்பிலேயே கற்றல் நடக்கிறது என்றார். அமெரிக்க சமூக உளவியலாளர் மோர்ட்டன் டொயிட்ச் 1949இல், ஒருவரின் வெற்றி மற்றவரின் வெற்றியோடு பிணைந்திருந்தால் உதவியும், மற்றவரின் தோல்வியோடு பிணைந்திருந்தால் தடையும் விளையும் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். அதை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜோன்சனும் ரோஜர் ஜோன்சனும் வகுப்பறைக்குக் கொண்டுவந்து, ஐந்து கூறுகளை வகுத்தனர். ஒருவரில் ஒருவர் தங்கியிருத்தல், தனியாள் பொறுப்பு, முகம் பார்த்து ஊக்குவித்தல், கூடிப் பழகும் திறன், குழு தன்னைத்தானே சீர்தூக்கல் என்பன அவை. ரொபர்ட் ஸ்லாவின் பல ஆய்வுகளை ஒப்பிட்டு, குழுவுக்குப் பொது இலக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப்பொறுப்பும் ஒருங்கே இருக்கும்போதுதான் கற்றல் அடைவு உறுதியாக உயர்கிறது என்று காட்டினார். சமயங்கள் இரண்டு நியதிகளாகச் சொன்னதையே ஆய்வு இரண்டு நிபந்தனைகளாகக் கண்டது.

எலியட் அரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் வகுத்த ஜிக்சோ முறையின் பின்னணி வேறு. கறுப்பின, வெள்ளையின, மெக்சிக்கப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகை மூண்டிருந்த நேரம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார் அரன்சன். அந்தப் பிள்ளை பேசினால்தான் மற்றவருக்குப் பாடம் முழுமையாகும். யாரை ஒதுக்கி வைத்திருந்தார்களோ அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய தேவை பிள்ளைகளுக்கு வந்தது.

கிழக்கிலங்கையில் இம்முறையை அப்படியே பொருத்துவதற்கு ஒரு தடை உண்டு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் அடுத்தடுத்த ஊர்கள்; இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் தாய்மொழியும் தமிழ். ஆயினும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பள்ளிகள் பிரிந்துள்ளன; விடுமுறைக் கால அட்டவணையும் வேறு. யார் குரலைக் கேட்கப் பழக வேண்டுமோ அவர் அந்த வகுப்பிலேயே இல்லை. ஒரே பாடசாலைக்குள்ளும் சமயபாட நேரத்தில் பிள்ளைகள் அவரவர் சமயத்துக்கெனப் பிரிந்து போகின்றனர். குழுக் கற்றல் நல்லிணக்கத்துக்கு வழி என்று பேசுவதற்கு முன், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அவசியம்.

டிமை தாளின் மூலையைப் பிடிப்பவர்

இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகியவற்றை முதன்மைப்படுத்தியது. 2007இல் தொடங்கிய கலைத்திட்டச் சீர்திருத்தம், தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, ஈடுபடல் முதல் மதிப்பிடல் வரையான ஐந்து படிகளைக் கொண்ட 5ஈ மாதிரியை இடைநிலை வகுப்புகளுக்குக் கொண்டுவந்தது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளில் குழுவாகக் கண்டறிதல் பாடத்தின் நடுப்பகுதியாயிற்று.

நடைமுறையில் இது பலவிடத்தும் டிமை எனப்படும் பெரிய தாளில் முடிந்தது. 40 நிமிடப் பாடவேளை; குழுவுக்கு ஒரு டிமை தாளும் மாக்கர் பேனையும். எழுத்து அழகான பிள்ளை எழுதும், பேச்சு வரும் பிள்ளை முன்னால் போய் வாசிக்கும், மற்ற இருவரும் தாளின் மூலைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மணி அடித்ததும் தாள் சுவருக்குப் போகும். மூலையைப் பிடித்தவர்கள் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குழு இருந்தது, இலக்கும் இருந்தது, தனிப்பொறுப்பு இல்லை. நன்னூலின் அரைப் பங்கு வாசித்த பிள்ளைக்கே போய்ச் சேர்ந்தது.

அதே 40 நிமிடத்தை வேறுவிதமாக அமைக்கலாம். மாங்கேணிக்கு அருகே கிடைக்கும் பொருளே பாடமாக அமையும் ஓர் எடுத்துக்காட்டு: தரம் 7 அளவில் களப்புச் சூழல் பற்றிய பாடம். வகுப்பு நால்வர் குழுக்களாகப் பிரிகிறது. குழுவின் ஒரு பிள்ளைக்குக் கண்டல் மரங்கள், ஒரு பிள்ளைக்குக் களப்பு நீரின் உவர்ப்பு மாரியிலும் கோடையிலும் மாறுவது, ஒரு பிள்ளைக்கு இறால், மீன், நண்டு ஆகியவற்றின் பெருக்கம், ஒரு பிள்ளைக்கு வீச்சுவலை முதலான தொழில்முறைகள் என்று பகுதிகள் கொடுக்கப்படுகின்றன. எல்லாக் குழுக்களிலும் ஒரே பகுதியைப் பெற்றவர்கள் முதலில் ஓரிடத்தில் கூடிப் படித்துத் தெளிகின்றனர். பின் தத்தம் குழுவுக்குத் திரும்பி, மற்ற மூவருக்கும் விளக்குகின்றனர். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, நான்கு பகுதியிலிருந்தும் வந்த ஐந்து கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் தனியே விடை எழுதுகின்றனர். குழுவின் புள்ளி, ஒவ்வொருவரும் முன்னைய தம் புள்ளியிலிருந்து எவ்வளவு முன்னேறினர் என்பதைக் கொண்டு கணிக்கப்படுகிறது.

இந்த அமைப்பில் மீன்வாடிக்குப் போய் வந்த பிள்ளையின் நிலை மாறுகிறது. வலையைப் பற்றியும் இறால் படும் காலத்தைப் பற்றியும் அதற்குத் தெரிந்த அளவு மற்றவருக்குத் தெரியாது. வரவு குறைந்தது என்று பின்வாங்கில் இருந்த பிள்ளை, விளக்குபவரின் இடத்துக்கு வருகிறது. ஆசிரியரிடம் "விளங்கல்ல சேர்" என்று சொல்லக் கூசும் பிள்ளையும் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லிவிடும். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் கண்டதும் இதற்கு இயைபானது. வகுப்பில் மதிப்புக் குறைந்த பிள்ளை குழுவிலும் குறைவாகவே பேசும். அப்பிள்ளைக்குரிய ஒரு திறன் அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுமாறு ஆசிரியர் பணியை அமைத்தால்தான் நிலை மாறும்.

கரைவலைத் தொழிலில், கூட்டும் தனிப்பொறுப்பும் சேர்ந்த இந்நியதி நன்கு பழகியது. தனியாளால் கரைவலையை இழுக்க முடியாது; கயிற்றில் கை வைத்தவர்களுக்குப் பங்கு உண்டு. இழுப்பு பொது, உழைப்பும் பங்கும் அவரவருடையவை. டிமை தாளின் மூலையைப் பிடித்து நின்றவருக்கு உழைக்கவும் இடம் கொடுக்கப்படவில்லை, பங்கும் கிடைக்கவில்லை.

மூன்று மறுப்புகள்

குழுக் கற்றலுக்கு எதிரான மறுப்புகளில் முதலாவது, கெட்டிக்காரப் பிள்ளையைப் பிறருக்குக் கருவியாக்குகிறது என்பது. ஒரு பிள்ளையை மற்றவருக்கான வெறும் சாதனமாக நடத்துவது நிச்சயமாகத் தவறு. விளக்குவதால் விளக்குபவரே அதிகம் பெறுகிறார் எனில் குற்றச்சாட்டின் வலு குறைகிறது, முற்றாக நீங்குவதில்லை. ஆண்டு முழுவதும் தனக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் சேராது. அப்பிள்ளைக்கும் விளங்காத கடினமான பணி இடையிடையே குழுவுக்குத் தரப்பட வேண்டும்.

இரண்டாவது, உழைக்காதவர் மற்றவர் உழைப்பில் புள்ளி பெறுவது. இது உண்மையான குறை. குழுவுக்கு ஒரே புள்ளி கொடுக்கும் வழக்கத்தால் வருவது. ஒருவர் செய்ததன் பயனை இன்னொருவர் கணக்கில் எழுதுவது மேலே கண்ட எந்தச் சமய நியாயத்துக்கும் ஒவ்வாது. தனித்தனி மதிப்பீடு சேர்ந்தால் இக்குறை நீங்கும்.

மூன்றாவது வலுவானது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் உயர்தரத்தின் இசட் புள்ளியும் பிள்ளைகளை வரிசைப்படுத்துகின்றன. பக்கத்துப் பிள்ளை மேலேறினால் தன் இடம் கீழிறங்கும் என்று இருக்கும்போது, அப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடு என்பது தன் நலனுக்கு எதிராக நடக்கச் சொல்வதாகத் தோன்றும். டொயிட்ச் கூறிய எதிர்மறைப் பிணைப்பு இதுவே. ஆனால் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி மாவட்ட அளவிலும், பல்கலைக்கழக அனுமதி மாவட்ட, தேசிய அளவிலும் தீர்மானிக்கப்படுகின்றன. சிறு பாடசாலை ஒன்றின் வகுப்புத் தோழர் இருவர் ஒருவருக்கொருவர் தடையாவது மிக அரிது. வசதியுள்ள நகரப் பாடசாலைகளின் மாணவரோடு போட்டியிடும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, தமக்குள் கூடிக் கற்பதே உள்ள பலங்களில் ஒன்று. வகுப்புக்குள் முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று நிலை வைக்கும் வழக்கம்தான் இல்லாத பகையை உண்டாக்குகிறது.

முடிவு

அறிவு தனியுடைமையா பொதுச்சொத்தா என்ற கேள்விக்கு இரண்டில் ஒன்றை விடையாகக் கொள்ள முடியாது. அறிவு கூட்டத்தில் விளைந்து தனி உள்ளத்தில் நிலைபெறுகிறது. ஆகவே குழுக் கற்றல் நியாயமாக நடப்பதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் விளக்கும் முறை வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்து நின்று விடை சொல்ல வேண்டும். ஆசிரியர் வகுப்பில் இருந்து, பணியை அமைத்து, பிழையைத் திருத்த வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அது சட்டாம்பிள்ளை முறை. இரண்டாவது இல்லாவிட்டால் டிமை தாள் அலங்காரம். மூன்றாவது இல்லாவிட்டால் ஆசிரியர் பற்றாக்குறைக்குப் போட்ட திரை. வாகரைப் பிரதேசப் பாடசாலைகளுக்குக் குழு முறையைப் பரிந்துரைப்போர், அதே கையால் அங்கு போதிய ஆசிரியரையும் நியமிக்கக் கடமைப்பட்டவர்கள்.